கடையில் கார்டு போட்டி: எது எங்கே சிக்கும், எப்படி எடுப்பது

கார்டு போட்டியில் கோளாறு வெளியே தெரிகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. மூன்றாவது சுற்றில் ஒரு மேசையில் குரல் உயர்கிறது என்றால், காலையில் பெயர் எழுதும்போதே அதற்கு விதை விழுந்திருக்கும். பத்து பேர், இருபது பேர், முப்பது பேர் என்று கடை அளவில் போட்டிகள் நடத்திப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். அதனால் சிக்கல் எழுந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதோடு, அது எங்கிருந்து கிளம்பியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். மேஜிக், போக்கிமான், யூ-கி-ஓ என்ற மூன்று கார்டு விளையாட்டுகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். விதி மாறும் இடத்தில் எந்த விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது இதைப் படிக்கிறீர்கள் என்றால், எது எரிகிறதோ நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

“பத்தரைக்கு என்றீர்கள், பதினொன்றேகால் ஆகிவிட்டது”

ஆட்கள் வந்துவிட்டார்கள், மேசை போட்டாயிற்று, ஆனால் யார் யாரோடு ஆடுவது என்ற ஜோடிப் பட்டியலை ஒட்ட முடியவில்லை. ஒருவர் “நண்பன் வந்துகொண்டிருக்கிறான், ஐந்தே நிமிடம்” என்கிறார். இன்னொருவர் தன் டெக்கில் (ஆட எடுத்துவந்த கார்டுக் கட்டில்) என்னென்ன இருக்கிறது என்று எழுதும் டெக் பட்டியலில் பாதி தாண்டவில்லை. மூன்றாமவர் கார்டுகளுக்குப் போடும் உறை வாங்க வரிசையில் நிற்கிறார்.

வந்தவர்களை வைத்துத் தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு புள்ளி உள்ளவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறையில் ஒரு தோல்வியால் யாரும் வெளியேறுவதில்லை என்பதால், தாமதமாக வருபவரை இரண்டாவது சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம். முதல் சுற்று அவருக்குத் தோல்விக் கணக்கு. ஒருவருக்காக இருபது பேரைக் காக்க வைத்தால், அடுத்த முறை அந்த இருபது பேரும் தாமதமாக வருவார்கள். நேரத்துக்கு வந்தது முட்டாள்தனம் என்று நாமே சொல்லிக்கொடுத்தாயிற்றே.

அடுத்த முறை அறிவிப்பில் இரண்டு நேரம் போடுங்கள். பெயர்ப்பதிவு முடிவது 10:30, முதல் சுற்று தொடங்குவது 10:45. இடையில் உள்ள அந்தக் கால் மணி நேரம் உங்களுக்கு வேண்டியது. டெக் பட்டியல் கேட்பதாக இருந்தால் வெற்றுப் படிவத்தை முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள், கடையில் உட்கார்ந்து எழுதவிடாதீர்கள். வாராவாரம் நடக்கும் சின்னப் போட்டிக்குப் பட்டியலே வேண்டாம் என்பது என் கட்சி. மேஜிக்கில் அந்த மட்டத்தில் அது கட்டாயமும் இல்லை.

கடை மூடும் நேரம் வந்தும் இறுதி ஆட்டம் முடியவில்லை

இது மாலையில் தெரியும், ஆனால் காலையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஸ்விஸ் சுற்றுகளின் எண்ணிக்கை ஆட்களைப் பொறுத்தது: 8 பேர் வரை 3 சுற்று, 16 வரை 4, 32 வரை 5, 64 வரை 6. ஒவ்வொரு சுற்றிலும் தோற்காதவர்கள் பாதியாகக் குறைந்து, கடைசியில் ஒருவர் மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். (1895-ல் சூரிக்கில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டியில் பயன்படுத்தியதால் இதற்கு ஸ்விஸ் என்று பெயர். கார்டு விளையாட்டுகளுக்கு இது இரவல் சொத்துதான்.)

இப்போது 22 பேர் வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 5 சுற்று. மூன்றில் இரண்டு வெல்லும் ஆட்டத்துக்குச் சுற்று நேரம் 50 நிமிடம். புதிதாக நடத்துபவர்கள் 50-ஐ ஐந்தால் பெருக்கி, நாலு மணி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைப்பார்கள். முடியாது. நேரம் முடிந்த பிறகு நடக்கும் கூடுதல் முறைகள் (ஒருவர் தன் பங்குக்கு ஆடி முடிப்பது ஒரு முறை), முடிவுச் சீட்டு வாங்குவது, முடிவைப் பதிவது, அடுத்த ஜோடிகளைப் போடுவது, ஆட்கள் மேசையைத் தேடி உட்காருவது எல்லாம் சேர்த்துச் சுற்றுக்கு 65 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சுற்றுக்கு 325 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட ஐந்தரை மணி நேரம். அதன் மேல் டாப் 8, அதாவது முதல் எட்டுப் பேருக்கு மட்டும் நாக்-அவுட் வைத்தால் இன்னும் மூன்று சுற்று. காலை 10:45-க்குத் தொடங்கினாலும் இரவு ஏழு மணியைத் தாண்டிவிடும்.

நடுவில் இதை உணர்ந்தால், அறிவித்த சுற்றுகளைக் குறைக்காதீர்கள். அந்த எண்ணிக்கையை நம்பித்தான் ஒரு தோல்வியோடு இருப்பவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். சுற்றுகளுக்கு இடையில் நேரம் கசியும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். அப்படியும் முடியாது என்றால், நாக்-அவுட்டில் மிஞ்சிய இருவரும் ஒப்புக்கொண்டால் இறுதி ஆட்டத்தை இன்னொரு நாளைக்கு வைக்கலாம். அடுத்த முறை நாக்-அவுட்டே வேண்டாம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். டிரா இல்லாமல் 22 பேருக்கு 5 சுற்று ஆடினால் தோற்காதவர் ஒருவருக்கு மேல் இருக்க முடியாது. அவரே வெற்றியாளர். நாக்-அவுட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கடையளவுப் போட்டியில் எட்டுப் பேர் ஆட, மீதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

எல்லா மேசையும் முடிந்தது, ஒரு மேசை மட்டும் முடியவே மாட்டேன் என்கிறது

எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். ஆடுபவர்கள் இருவருக்கும் அது தெரியும், அதனால் இன்னும் மெதுவாக ஆடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: நேரம் முடிந்தபின் எத்தனை முறை ஆடியிருக்கிறார்கள் என்று யாராவது எண்ணினார்களா? மேஜிக்கில் நடந்துகொண்டிருக்கும் முறையை முடித்து, அதன்பின் இருவருக்கும் சேர்த்து 5 முறை. போக்கிமானில் நடப்பு முறை முடிந்து 3 முறை. “நீ இரண்டு, நான் மூன்று” என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். நான் செய்வது இது: நேரம் முடிந்தது என்று அறிவித்தவுடன், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பகடையை வைப்பேன். மேல்முகம் பூஜ்யத்துக்கு ஈடாக 6. நடப்பு முறை முடிந்ததும் 1, அடுத்த ஆள் முடித்ததும் 2. பகடையைத் திருப்புவது நானோ அல்லது ஆட்டம் முடித்துச் சும்மா நிற்கும் ஒருவரோ. ஆடுபவர்கள் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு பகடை எத்தனையோ வாக்குவாதங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இரண்டாவது காரணம், நடுவரைக் கூப்பிட்ட நேரம். ஒரு விதிச் சந்தேகத்துக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன் என்றால், அந்த மேசைக்கு நான்கு நிமிடம் கூட்டித் தர வேண்டும். கூட்டித் தந்ததை அவர்களுடைய முடிவுச் சீட்டின் மூலையில் “+4” என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். மனதில் வைத்துக்கொண்டால் அது நான்கா, ஏழா என்று கடைசியில் யாருக்கும் நினைவிருக்காது.

மூன்றாவது, உண்மையிலேயே மெதுவாக ஆடும் ஆள். இவர்களில் தெரிந்தே இழுத்தடிப்பவர்கள் மிகக் குறைவு, பெரும்பாலோர் யோசிப்பவர்கள். 10 நிமிடம் இருக்கும்போது எழுந்து மேசைகளுக்கு நடுவே நடங்கள். பேச வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் வந்து நின்றாலே ஆட்டம் கொஞ்சம் வேகம் பிடிக்கும். அதற்கும் மசியாவிட்டால் “ஒரு முடிவு எடுங்கள்” என்று மெல்லச் சொல்லலாம், என்ன முடிவு என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

ஒற்றைப்படையில் ஆட்கள், “எனக்கு மட்டும் ஏன் ஆட்டம் இல்லை?”

ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவருக்கு ‘பை’ (bye), அதாவது எதிராளி இல்லாமலே வெற்றி, கிடைக்கும். மேஜிக்கில் அது 2-0 வெற்றியாகக் கணக்கில் சேரும். முதல் சுற்றில் யாருக்கு வேண்டுமானாலும் விழலாம். அதற்குப் பிறகு புள்ளி குறைவாக உள்ளவருக்கு, அதிலும் ஏற்கெனவே பை வாங்காதவருக்கு.

ஜோடி போடும் மென்பொருள் சரியாகத்தான் செய்கிறது, கோபம் மட்டும் குறைவதில்லை. ஏனென்றால் பை வாங்குபவர் பெரும்பாலும் இரண்டு ஆட்டம் தோற்ற புதியவர். விளையாட வந்தவரிடம் “நீங்கள் வென்றுவிட்டீர்கள், சும்மா உட்காருங்கள்” என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்தச் சுற்றில் போட்டியில் இல்லாத யாரையாவது அவரோடு ஆட வைக்கவும். கடை ஊழியராக இருக்கலாம், வேடிக்கை பார்க்க வந்த தம்பியாக இருக்கலாம். புள்ளி கிடையாது, ஆனால் ஆட்டம் உண்டு. நடுவர் நீங்களே என்றால் நீங்கள் உட்காராதீர்கள், உங்களை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

தோற்றவர் வென்றதாகப் பதிவாகிவிட்டது

“நான் வென்றேனே, பட்டியலில் தோற்றதாக இருக்கிறது” என்று ஒருவர் வந்து நிற்கிறார். எப்போது வந்து நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்த சுற்றின் ஜோடிகள் இன்னும் போடவில்லை என்றால் ஒன்றுமில்லை, திருத்திவிடுங்கள். ஜோடி ஒட்டியாயிற்று, ஆனால் யாரும் ஆடத் தொடங்கவில்லை என்றால், எல்லோரையும் நிறுத்தச் சொல்லி, திருத்தி, மறுபடி ஜோடி போடுங்கள். முனகுவார்கள், முனகட்டும். ஆட்டம் பத்து நிமிடம் ஓடிவிட்டது என்றால் அந்தச் சுற்றைக் கலைக்காதீர்கள். அது அப்படியே முடியட்டும், பழைய முடிவை மட்டும் அடுத்த ஜோடி போடுமுன் திருத்துங்கள். பாதிக்கப்பட்டவர் ஒரு சுற்று தவறான எதிராளியோடு ஆடியிருப்பார், ஆனால் புள்ளிகள் சரியாகிவிடும். ஒருவருக்காகப் பத்து மேசைகளின் ஆட்டத்தை அழித்தால் ஒரு புகார் பத்தாகும்.

இது ஏன் நடக்கிறது? வழக்கமாக ஒரே காரணம்தான்: யாரோ நடந்து வந்து “ஏழாவது மேசை, 2-1” என்று சொல்கிறார், நாம் சொன்னவரே வென்றதாக நினைத்துக்கொள்கிறோம். ஒருமுறை நான் ஒரே சுற்றில் இரண்டு மேசைகளை இப்படித் தலைகீழாகப் பதிந்தேன். வந்து சொன்ன இருவருமே தோற்றவர்கள்! வென்றவர்கள் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து வாயால் சொல்லும் முடிவை ஏற்பதில்லை. இருவர் கையெழுத்தும் இருக்கும் சீட்டு வேண்டும், வாங்கும்போது “யார் வென்றது?” என்று பெயரைச் சொல்ல வைப்பேன். ஆட்டக்காரர்களே செயலியில் பதிவதாக இருந்தாலும், சுற்று முடிந்ததும் முடிவுகளை ஒரு நிமிடம் சுவரில் ஒட்டி, எல்லோரும் பார்த்த பிறகே அடுத்த ஜோடி.

“நானும் 3-1, அவனும் 3-1. அவன் உள்ளே, நான் வெளியே?”

நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் “கம்ப்யூட்டர் சொல்கிறது” என்று நகர்ந்துவிடுவதுதான் தப்பு. கணக்கு எளிதானது, ஒருமுறை உட்கார்ந்து விளக்கிவிட்டால் அவரே அடுத்தவருக்கு விளக்குவார்.

16 பேர், 4 சுற்று, டிரா எதுவும் இல்லை என்றால் முடிவு இப்படித்தான் விழும்: ஒருவர் 4-0 (நான்கு வெற்றி, தோல்வி இல்லை), நால்வர் 3-1, ஆறு பேர் 2-2, நால்வர் 1-3, ஒருவர் 0-4. டாப் 4 அறிவித்திருந்தால் நான்கு இடத்துக்கு ஐந்து பேர். ஒருவர் வெளியே போயே ஆக வேண்டும். அதை முடிவு செய்வது முதலில் எதிராளிகளின் வெற்றிச் சதவீதம், அதாவது நீங்கள் ஆடிய ஆட்கள் எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்பது.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு அடுத்த மூன்றையும் வென்றவர். தோற்றதும் கீழ் வரிசைக்குப் போனார், அங்கேயுள்ளவர்களோடு ஆடினார். அவருடைய எதிராளிகள் முடிவில் 2-2, 0-4, 1-3, 2-2. சதவீதம் 50, 0, 25, 50. மேஜிக்கில் ஓர் எதிராளியின் சதவீதம் 33-க்குக் கீழே இருந்தால் 33 என்றே எடுத்துக்கொள்வார்கள் (போக்கிமானில் இந்தத் தரைமட்டம் 25). ஆக 50, 33, 33, 50, சராசரி 41.5. இரண்டாமவர் முதல் மூன்றையும் வென்று கடைசியில், 4-0 ஆக முடித்தவரிடம் தோற்றார். அவருடைய எதிராளிகள் 2-2, 3-1, 3-1, 4-0. சதவீதம் 50, 75, 75, 100, சராசரி 75. புள்ளி ஒன்றுதான், ஆனால் ஏறிவந்த பாதை வேறு. சீக்கிரம் தோற்றவருக்குப் பாதை எளிது, அதனால் தரவரிசையில் அடி.

இதே கணக்கை 32 பேருக்கு, 5 சுற்றுக்குப் போட்டால் 1, 5, 10, 10, 5, 1 என்று வரும். டாப் 8 என்றால் முதல் ஆறு பேர் தானாக உள்ளே, மீதி இரண்டு இடத்துக்கு 3-2 எடுத்த பத்துப் பேர் முட்டுவார்கள். எட்டுப் பேர் வெளியே நின்று உங்களைப் பார்ப்பார்கள். ஆகவே எத்தனை பேர் நாக்-அவுட்டுக்குப் போவார்கள் என்பதை ஆசைக்கு அறிவிக்காதீர்கள், இந்த எண்களை வைத்து அறிவியுங்கள். முதல் சுற்றுக்கு முன் “3-1 எடுத்த எல்லோருக்கும் டாப் 4 நிச்சயமில்லை” என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் மாலைச் சண்டையில் பாதி இல்லை.

கடைசிச் சுற்றில் இருவர் ஆடாமலேயே சீட்டைக் கொடுக்கிறார்கள்

மேஜிக்கில் இருவரும் ஒத்துக்கொண்டு டிரா என்று எழுதுவது விதிப்படி செல்லும். இருவருமே டிரா செய்தால் உள்ளே போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். புதியவர்கள் கண்ணுக்கு அது ஏமாற்று மாதிரி தெரியும், விளக்கிச் சொல்லுங்கள். ஆனால் “எனக்கு விட்டுக்கொடு, பரிசில் பாதி தருகிறேன்” என்பதும், பகடை உருட்டியோ நாணயம் சுண்டியோ யார் வென்றவர் என்று தீர்மானிப்பதும் வேறு விஷயம். இரண்டுமே தகுதிநீக்கம் வரை போகிற குற்றம். பாவம், பகடை உருட்டுபவர்களில் பலருக்கு அது தப்பென்றே தெரியாது. “சரி, டாஸ் போட்டுக்கலாம்” என்று சிரித்துக்கொண்டே செய்வார்கள். அதனால் கடைசிச் சுற்றுக்கு முன் இதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவது உங்கள் கடமை. மற்ற விளையாட்டுகளில் டிராவுக்கான விதி வேறு, அந்தந்த விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பரிசை முதல் இரண்டு இடங்களுக்கே கொட்டினால் இந்தப் பேரங்கள் பெருகும். வெற்றிக்கு ஒரு பூஸ்டர் (பிரிக்காத கார்டு பேக்) என்று பிரித்துக்கொடுத்தால் பேரம் பேச ஒன்றுமே இருக்காது.

டெக்கில் 59 கார்டுதான் இருக்கிறது

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் ஒருவர் கை தூக்குவார். முகம் வெளிறியிருக்கும். பெரும்பாலும் ஒன்றுமில்லை.

காணாமல் போன கார்டு இருக்கக்கூடிய இடங்களை இந்த வரிசையில் தேடுங்கள்: விளையாட்டு விரிப்புக்கு அடியில், டெக் பெட்டிக்குள், சைடுபோர்டில் (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கார்டுகளில்), எதிராளியின் அடுக்கில், பிறகு போன சுற்றில் அவரோடு ஆடியவரின் டெக்கில். கடைசி இடம்தான் பலருக்குத் தோன்றாது. எதிராளியின் கார்டைத் தன் பக்கம் எடுத்து ஆட வைக்கும் கார்டுகள் மேஜிக்கிலும் யூ-கி-ஓவிலும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இருவரும் அள்ளும்போது, உறையின் நிறமும் ஒன்றாக இருந்துவிட்டால், கார்டு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

கிடைத்ததா? டெக்குக்குள் எங்காவது கலந்து வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்லுங்கள். கடை மட்டத்தில் இதற்குத் தண்டனை வேண்டியதில்லை. இரண்டாம் முறையும் நடந்தால் அப்போது யோசிக்கலாம். மேஜிக்கில் 60 என்பது கீழ்வரம்பு, 61 இருந்தால் தப்பில்லை. போக்கிமானில் சரியாக 60. யூ-கி-ஓவில் முதன்மை டெக் 40 முதல் 60. “ஒரு கார்டு கூட இருக்கிறது” என்று புகார் வரும்போது எந்த விளையாட்டு என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இதன் மறுமுகம் சைடுபோர்டு. போன எதிராளிக்காக மாற்றிய கார்டுகளைத் திரும்ப எடுக்க மறந்து, புதிய ஆட்டத்தில் அப்படியே கலைத்துவிடுவார்கள். ஜோடி ஒட்டியதும் நான் கூவும் வசனம் ஒன்று உண்டு: “உட்காருங்கள், சைடுபோர்டைப் பிரியுங்கள், எண்ணுங்கள், அப்புறம் கலையுங்கள்.” கேட்டுக் கேட்டுப் பையன்கள் கிண்டல் செய்வார்கள், ஆனால் எண்ணுவார்கள்.

“அவருடைய உறைகளில் அடையாளம் இருக்கிறது”

குற்றச்சாட்டு கனமானது, அதனால் மேசையிலேயே எல்லோர் முன்னும் பேசாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் டெக்கை வாங்கி, தனியாக உட்கார்ந்து, கவிழ்த்தபடியே பாருங்கள். தேய்ந்த, மூலை மடங்கிய, நிறம் மாறிய உறைகளைத் தனியே எடுத்து வையுங்கள். இப்போது அவற்றைத் திருப்புங்கள். கண்டபடி கலந்து கிடந்தால் அது வெறும் பழைய உறை. எல்லாமே ஒரே முக்கியமான கார்டின் நான்கு பிரதிகள் என்றால் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அப்படியே இருந்தாலும் உடனே திருடன் என்று முடிவு கட்டாதீர்கள். டெக் கட்டிய பிறகு அந்த நான்கை மட்டும் புதிதாக வாங்கிச் செருகியிருப்பார், புதிய உறை நான்கும் பளபளவென்று தெரியும். உறை வாங்கினால் முழு டெக்குக்கும் ஒரே பாக்கெட்டில் வாங்கி, நாலைந்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பளபளப்புக் கார்டுகள் வளைவது இன்னொரு தொல்லை. காகிதம் ஈரத்தை இழுத்து விரியும், மேலே ஒட்டிய பளபளப்புப் படலம் விரியாது, அதனால் கார்டு வில்லாகிறது. டெக்கை மேசையில் வைத்துக் கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் பாருங்கள். வளைந்த கார்டு இருக்குமிடத்தில் மயிரிழை அளவு இடைவெளி தெரியும். வெட்டும்போது விரல் தானாக அங்கேதான் நிற்கும். இரட்டை உறை போட்டால் ஓரளவு சரியாகும், இல்லாவிட்டால் சாதாரணப் பிரதியை மாற்றச் சொல்லுங்கள்.

கடையில் உறை விற்பவருக்கு ஒன்று: மேஜிக், போக்கிமான் கார்டுகள் 63×88 மில்லிமீட்டர், யூ-கி-ஓ 59×86. சின்னக் கார்டைப் பெரிய உறையில் போட்டால் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும், பெரியதைச் சின்னதில் திணித்தால் மூலை போய்விடும். தெரியாமல் வாங்கிய சிறுவன் போட்டி நாளில்தான் கண்டுபிடிப்பான்.

விதிச் சண்டை

இருவரையும் நிறுத்துங்கள், கார்டுகளைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொருவரும் குறுக்கீடு இல்லாமல் என்ன நடந்தது என்று சொல்லட்டும். நடந்தது பற்றிய சண்டையா, விதி பற்றிய சண்டையா என்று பிரியுங்கள். இரண்டும் கலந்துதான் வரும். விதி என்றால் நினைவிலிருந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். அச்சிட்ட வாசகம் பழையதாக இருக்கலாம். மேஜிக்கில் கேதரர் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள இன்றைய வாசகமே செல்லும். எடுத்து, இருவருக்கும் காட்டி, தீர்ப்பைச் சொல்லி, நகர்ந்துவிடுங்கள். நின்றால் இரண்டாம் பாகம் தொடங்கும்.

நீங்களும் ஆடிக்கொண்டே நடுவராக இருந்தால், உங்கள் மேசையில் எழும் சண்டைக்கு யார் தீர்ப்புச் சொல்வது என்பதை முதல் சுற்றுக்கு முன்பே பெயர் சொல்லி அறிவியுங்கள்.

டிராஃப்டில் ஒருவரிடம் 13 கார்டு, பக்கத்தில் இருப்பவரிடம் 16

டிராஃப்ட் என்றால் ஆளுக்கொரு பூஸ்டர் பேக்கைப் பிரித்து, ஒரு கார்டு எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தவருக்குக் கொடுத்து, அப்படிச் சேர்ந்ததில் டெக் கட்டுவது. யாரோ ஒருவர் பேக்கைத் தவறான பக்கம் கொடுத்துவிட்டார், அல்லது இரண்டு எடுத்துவிட்டார். வரிசை இடம், வலம், இடம். முதல் பேக் முடிந்ததும் ஒவ்வொருவரும் எடுத்ததைக் கவிழ்த்து எண்ணச் சொன்னால் அங்கேயே பிடிபடும், மூன்றாவது பேக்கில் பிடிபட்டால் யாராலும் பிரிக்க முடியாது. புதியவர்கள் கலந்திருந்தால் “எடுங்கள், வையுங்கள், கொடுங்கள்” என்று குரல் கொடுத்து நடத்துங்கள். 11 பேர் என்றால் 8, 3 என்று பிரிக்காதீர்கள், 6, 5 என்று பிரியுங்கள்.

புதிதாக வந்தவர் இரண்டாம் முறை வருவதில்லை

இதற்கு யாரும் கை தூக்க மாட்டார்கள், அதனால் நெடுநாள் கண்ணில் படாது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே பன்னிரண்டு பேர்தான் கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

நடப்பது என்னவென்றால், முதல் சுற்றில் ஜோடி குலுக்கலில் விழுகிறது. நேற்று டெக் வாங்கிய பையனுக்கு எதிரே, பத்து வருடமாக ஆடுபவர். 12 நிமிடத்தில் 0-2. பிறகு 38 நிமிடம் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் பரவாயில்லை, மூன்றாவதில் தன்னைப் போன்ற ஒருவனைச் சந்திப்பான், ஸ்விஸ் முறையின் அழகே அதுதான். ஆனால் மூன்றாவது சுற்றுவரை அவன் இருப்பதில்லை, இரண்டாவது முடிந்ததும் சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவனுக்கு எதிரே போட்ட ஆள் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, “ஆள் வரவில்லை” என்று நம்மிடம் வந்து கோபப்படுகிறார். ஆக, காலி நாற்காலி என்ற அறிகுறிக்கும் வேர் இங்கேதான்.

இதற்கு நான் செய்வது இரண்டு. பெயர் எழுதும்போதே “மூன்றாவது சுற்றிலிருந்துதான் உங்களுக்குச் சமமான ஆட்கள் வருவார்கள், அதுவரை இருங்கள், போவதாக இருந்தால் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது. அப்புறம், சீக்கிரம் முடித்த பழைய ஆளிடம் போய், “அந்தத் தம்பியோட டெக்கைக் கொஞ்சம் பாருங்களேன்” என்பது. வென்றவர் தோற்றவனின் டெக்கை விரித்துவைத்து, “இந்த மூன்றை எடுத்துடு, இது நல்லா இருக்கு, விட்டுடாதே” என்று பேசும் அந்த 38 நிமிடத்துக்காகவே சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். பரிசு பூஸ்டரை விட அது பெரிதாக வேலை செய்கிறது. கலந்துகொண்ட எல்லோருக்கும் ஏதாவது ஒன்று, ஒரு விளம்பரக் கார்டாவது, கையில் கிடைத்தால் இன்னும் நல்லது.

மென்பொருள் நின்றுவிட்டது, அல்லது இணையம் இல்லை

ஒவ்வொரு சுற்றிலும் ஜோடிப் பட்டியலையும் தரவரிசையையும் கைபேசியில் படம் எடுத்துவைத்திருந்தால் பயமில்லை. பெயருக்கு ஒரு துண்டுக் காகிதம் வெட்டுங்கள். அதில் பெயர், இதுவரை ஆடிய எதிராளிகள், புள்ளி (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1), பை வாங்கியிருந்தால் ஒரு நட்சத்திரம். புள்ளிவாரியாக அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்கையும் கலைத்து, மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்து வையுங்கள். ஏற்கெனவே ஆடிய ஜோடி வந்துவிட்டால் அடுத்த துண்டோடு மாற்றுங்கள். ஓர் அடுக்கில் ஒற்றையாக மிஞ்சுபவர் கீழ் அடுக்குக்கு இறங்குவார்.

11 பேர், இரண்டு சுற்று முடிந்திருக்கிறது, டிரா இல்லை என்றால் உங்கள் கையில் இருப்பது 6 புள்ளியில் 3 பேர், 3 புள்ளியில் 6 பேர், 0-வில் 2 பேர். முதலில் 0-வில் நட்சத்திரம் இல்லாத ஒருவருக்குப் பை கொடுத்துவிடுங்கள். பிறகு மேலிருந்து: 6-ல் ஒரு ஜோடி, மிஞ்சியவர் 3-ல் ஒருவரோடு, 3-ல் மீதி ஐவரில் இரண்டு ஜோடி, மிஞ்சியவர் 0-வில் இருக்கும் ஒருவரோடு. ஐந்து மேசை. பழகிவிட்டால் மூன்று நிமிட வேலை. இணையம் திரும்பியதும் நிரலில் ஏற்றிக்கொள்ளலாம்.

எல்லோரும் போனபிறகு

விரிப்புகளைத் தூக்கிப் பாருங்கள், நாற்காலிகளை நகர்த்திப் பாருங்கள். ஒரு கார்டாவது கிடைக்கும். அதை ஒரு உறைக்குள் போட்டு, எந்த மேசை என்று மேலே எழுதி, கடைசிச் சுற்றின் ஜோடிப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். 59 கார்டோடு வீட்டுக்குப் போனவர் அன்றிரவோ மறுநாளோ கேட்பார்.